சாக்கடை நடுவே வார்டுக் கோடு

இன்று காலை எங்கள் அல்சூர் தெருச் சாக்கடையில் ஒரு பன்றி செத்துக் கிடந்தது.

வார்டு எல்லையைப் புதிதாக வரைந்த புண்ணியவான்கள் கோட்டை அந்தச் சாக்கடை வழியாகத்தான் இழுத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் நாங்கள் ஒரு வார்டு, எதிர்ப்பக்கம் ரோசம்மா அக்கா இன்னொரு வார்டு.

எங்கள் வார்டு துப்புரவு மேஸ்திரி வந்து பார்த்தார். "தலை அந்தப் பக்கம் இருக்கே சார், அவங்களைக் கேளுங்க" என்றார். போகும்போது ஒரு கழியால் அதை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டும் போனார்.

மத்தியானம் அந்த வார்டு மேஸ்திரி வந்தார். திருப்பி எங்கள் பக்கம் தள்ளினார். தள்ளிய வேகத்தில் வயிறு கிழிந்துவிட்டது.

சாயங்காலம் எங்கள் வார்டு வேட்பாளர் மாலையும் மேளமுமாக வந்தார். ஒரு கை மூக்கில் கைக்குட்டையோடு இருந்ததால் மற்றக் கையால் மட்டும் கும்பிட்டார்.

எதிர் வாசலிலிருந்து ரோசம்மா அக்கா கத்தினார்: "கும்பிடு அப்புறம் போடுங்கண்ணா, முதல்ல இதை எடுக்கச் சொல்லுங்க!"

"நீங்க எந்த வார்டும்மா?" என்றார் அவர். பதிலைக் கேட்டதும் முகத்தை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு, "ஜெயிச்சதும் முதல் வேலை இதுதான்" என்றார்.

தேர்தலுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, சுவாமி!

செத்தவர்கள் ஓட்டுப் போடுவது நம் ஊருக்குப் புதிதில்லை. இந்தப் பன்றிக்கும் ஒரு ஓட்டு இருந்திருந்தால், காலையிலேயே இரண்டு வார்டும் அடித்துக்கொண்டு தூக்கிப் போயிருக்கும்.

உங்கள் தெருவில் கோடு எதன்மேல் போகிறது?