எங்கள் ஆல்பத்தில் தூங்கியவர்

நாங்கள் மூன்று பேர். டிரம்ஸ் வாசிக்கிறவன் சர்ச் கொயரில் கற்றுக்கொண்டவன். கிடார்க்காரன் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு நெய்வேலி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். பேஸ் கிடார் நான். டவுன்ஷிப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்கள் இசைக்குப் போஸ்ட்-ராக் என்று பெயர். பாட்டு வரிகளே கிடையாது. முணுமுணுப்பாகத் தொடங்கி, பத்து நிமிஷம் பொறுமையாக ஏறி, கடைசியில் கூரை பிய்ந்துகொண்டு போகிற மாதிரி வெடிக்கும்.

முதல் ஆல்பம் பதிவு செய்ய எங்களுக்கு இடம் கிடைத்தது ஒரு பிரசவத்தால். டிரம்மரின் அக்காவுக்குத் திருச்சியில் குழந்தை பிறந்தது. அவன் அம்மாவும் அப்பாவும் கிளம்பிப் போக, குவார்ட்டர்ஸ் காலி. வீட்டில் இருந்த மெத்தைகளை எல்லாம் ஹால் ஜன்னல்களில் சாத்தினோம். அம்மாவின் கல்யாணப் பட்டைத் தொடவில்லை. மற்ற புடவைகள் எல்லாம் சுவரில் தொங்கின. மைக்கில் சத்தம் ஏறுகிறது என்று கிடார்க்காரன் ஃபேனையும் நிறுத்திவிட்டான். மே மாதத்து நெய்வேலியில் ஃபேன் இல்லாமல் வாசித்தவர்கள் நாங்களாகத்தான் இருக்கும்.

மறுநாளே கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி. முத்தாண்டிக்குப்பத்துக்காரர், குரலுக்கு மைக்கே வேண்டாம்.

"இன்னா தம்பி, அம்மா இல்லாத நேரத்துல செவுத்த இடிச்சிகினு இருக்கீங்களா? எங்க வூட்டுக்காரரு நைட் ஷிப்ட் முடிச்சி வந்து படுத்துகினு கிறாரு."

டிரம்மர் கொஞ்சமும் தயங்கவில்லை. "இடிக்கலைங்க ஆன்ட்டி. இது தியான மியூசிக். தூக்கம் வராதவங்களுக்காகப் பண்றோம்."

சிரிப்பை மறைக்க நான் குனிந்து கம்பிகளைத் துடைத்தேன். ஆனால் ஆன்ட்டியின் முகம் மலர்ந்துவிட்டது.

"நெசமாவா? அவருக்குப் பகல்ல தூக்கமே வர்றதில்லப்பா. மாத்திர போட்டும் பாத்தாச்சி."

அடுத்த நாள் மதியம் அந்த அங்கிளே வந்தார். கைலி, பனியன், கக்கத்தில் தலையணை. தென்மாவட்டத்திலிருந்து மைன்ஸ் வேலைக்கு வந்து, மண் வெட்டும் ராட்சத மெஷின்களோடே சர்வீஸை ஓட்டிவிட்டவர்.

"எங்க படுக்கணும் பாப்பா?"

மாட்டிக்கொண்டோம். மெத்தையெல்லாம் ஜன்னலில் இருந்ததால் பாயை விரித்தேன்.

"அவர் இருமினா டேக் போச்சு" என்று கிடார்க்காரன் பல்லைக் கடித்தபடி என் காதில் சொன்னான்.

"தியானத்துல இருமக் கூடாதுன்னு சொல்லிடலாம்" என்றான் டிரம்மர்.

ஆல்பத்தில் இருப்பதிலேயே நீளமான டிராக்கை எடுத்தோம். அதுவரை ஒருமுறையும் அது சரியாக வந்ததில்லை. எப்போதும் நான் அவசரப்படுவேன், டிரம்மர் இழுப்பான். அன்று ஒரு மனிதர் காலடியில் படுத்திருக்கிறாரே என்ற பயத்தில் மூவரும் பூனை மாதிரி வாசித்தோம். சீக்கிரமே அவர் வாய் லேசாகத் திறந்துகொண்டது. இசை ஏறிக்கொண்டே போனது. வெடிக்க வேண்டிய இடம் நெருங்கியதும் டிரம்மர் குச்சிகளைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். அடிக்கவா என்று அர்த்தம். நான் கிடார்க்காரனைப் பார்த்தேன். பாவம் எதுவும் தன் கணக்கில் வரக் கூடாதென்று அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தான். நான் தலையாட்டினேன்.

அடித்தான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சுவரிலிருந்து ஒரு புடவை சரிந்து விழுந்தது. அங்கிள் புரண்டு படுத்து, கன்னத்துக்கடியில் கையை வைத்துக்கொண்டு, இன்னும் ஆழமாகத் தூங்கினார்.

முடித்தோம். கடைசி ஸ்வரம் தேய்ந்து அடங்கும்வரை மூச்சுகூட விடக் கூடாது. அது பாதி அடங்குவதற்குள் அவர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"ஏம்ப்பா நிறுத்திட்டீங்க?"

அவரே விளக்கினார்: "மெஷின் ஓடிக்கிட்டே இருந்தாத்தான் எனக்கு நிம்மதி. நின்னுட்டா பக்குன்னு ஆயிரும், என்ன பிரேக் டவுனோன்னு."

கிடார்க்காரன் கத்தப் போகிறான் என்று நினைத்தேன். அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கேட்டான். பிறகு மெதுவாகக் கழற்றினான். "இத விட நல்லா நம்மால வாசிக்க முடியாது. அவர் குரல வெட்டினா கடைசி நோட்டும் சேர்ந்து போயிடும்."

அதனால் அப்படியே விட்டுவிட முடிவுசெய்து அங்கிளிடம் அனுமதி கேட்டோம். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப பாடினது நான்னு போடுவீங்கள்ல?"

போட்டோம். 'குரல்' என்று எழுதி, அவர் பெயரை இனிஷியலோடு. திருச்சியிலிருந்து திரும்பிய டிரம்மரின் அம்மா கசங்கிய புடவைகளைப் பற்றி வாய் திறப்பதற்குள் ஆன்ட்டி வந்து முந்திக்கொண்டார்: "உங்க வூட்லதாங்க அவரு பாடினாரு!" அம்மா எங்களைத் திட்டுவதா, அவரை வாழ்த்துவதா என்று தெரியாமல் காபி போட உள்ளே போய்விட்டார்.

ஆல்பத்தை இணையத்தில் ஏற்றினோம். கேட்டவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள், சில முகம் தெரியாதவர்கள், அப்புறம் அங்கிளின் ஷிப்டில் இருக்கிற அத்தனை பேரும். ஒரு நாள் கேன்டீனில் எல்லோரும் சேர்ந்து, பாடினதைப் பாடிக் காட்டச் சொல்லி அவரைப் பிடித்துக்கொண்டார்களாம். அங்கிள் மசியவில்லை.

"வெறுமன சொன்னா எடுபடாதுப்பா" என்றாராம். "அதுக்கு முன்னால பத்து நிமிஷம் மியூசிக் வேணும்."