கால்வாய்க்கரைக் கடையில் கிடைத்த பொட்டலம்

ஐம்பதுகளில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமான புதிது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கால்வாய்க்கரை ஓரமாகக் குடியிருந்தோம். சவுக்கு விறகு ஏற்றிய படகுகளைக் கரையில் நடந்தபடி கயிறு போட்டு இழுப்பதுதான் என் வீட்டுக்காரருக்கு வேலை. படகு இழுக்கிறவர்கள் தூரத்தை மைலில் சொல்ல மாட்டார்கள், வழியில் குடிக்கும் பீடிக் கணக்குதான். "கோவளம் ஆறு பீடி தூரம்" என்பார்கள்.

ஒரு மழைக்காலத்தில் அவருடைய கால் பெருவிரல் சில்லிட்டு, நீலம் பாரித்து, கரி மாதிரி கறுத்துப்போனது. சேற்றில் நடப்பதால்தான் என்று நினைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் விரலை எடுத்துவிட்டார்கள். பீடியால் குழாய் அடைத்து, ரத்தம் போகாமல் விரல் செத்துவிட்டது, இனியும் பீடி குடித்தால் காலே போய்விடும் என்றார் டாக்டர். இவர் நன்றாகத் தலையாட்டினார். புண் ஆறுவதற்குள் சட்டையில் மறுபடியும் பீடி வாசனை.

அழுது பார்த்தேன், சோறு உண்ணாமல் இருந்து பார்த்தேன். பலனில்லை.

கரையில் இருந்தது ஒரே கடை, ஒரு பாயுடையது. வேற்று ஆண்களிடம் பேசிப் பழக்கமில்லாதவள் நான். தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கடைமுன் போய் நின்றேன்.

"இன்னா தங்கச்சி, உப்பா, புளியா?"

"அவருக்கு பீடி குடுக்காதீங்கண்ணே. காலு பூடும்."

சொல்லிவிட்டு ஓடியே வந்துவிட்டேன்.

மறுநாள் இவர் வேலைக்குக் கிளம்பிப் பீடி கேட்டபோது, பாய் ஒரு பொட்டலத்தை நீட்டினாராம். பீடிக்கட்டு மாதிரியே நூல் சுற்றியிருந்தது. உள்ளே பொட்டுக்கடலை.

"இத மென்னுகினு போ மச்சான்."

"பேஜாரு பண்ணாத பாய். நான் இன்னா கொழந்தையா?"

"கொழந்தைன்னா சொன்ன பேச்ச கேக்குமே."

இவருக்குப் பீடி கொடுக்கிறவனுக்கும் இனிக் கடையில் பீடி கிடையாது என்று மற்ற ஆட்களிடமும் சொல்லிவிட்டார். சில நாள் பாயைத் திட்டிக்கொண்டே கடலையை மென்றார் இவர். பிறகு திட்டு நின்றது. "கோவளம் எத்தினி பொட்டலம்?" என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள். அந்தக் கால் அவரோடு கடைசிவரை நடந்தது.

பாய்க்கு நன்றி சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. நாங்கள் சேர்ந்து கடையைத் தாண்டும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், இவர் காலைத்தான் பார்ப்பார். வெளி மனுஷர் ஒருவரிடம் நான் துணிந்து வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். அதை அவர் தன் வீட்டுக் காரியமாக எடுத்துக்கொண்டதை நினைத்தால் இந்த வயதிலும் நெஞ்சு நிறைந்துபோகிறது.