பீர்க்கன் பந்தலில் கருவாடு

தன்னை விதைத்தவளின் கழுத்தில் தாலி இருக்கிறதா இல்லையா என்று ஒரு பீர்க்கன் விதைக்குத் தெரியுமா? படித்தவர் நீங்கள், பதில் சொல்லுங்கள். வேருக்கு ஈரம் தெரியும், இலைக்கு வெயில் தெரியும். தாலி தெரியுமா? இதென்ன கேள்வி என்று சிரிப்பீர்கள். சரவணம்பட்டியைத் தாண்டி சத்தி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊரில் அரங்கசாமி என்ற பெரியவரும் இப்படித்தான் சிரிப்பார். டீக்கடையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, இந்தக் காலத்திலும் மூடநம்பிக்கையா என்று நாலு பேருக்குக் கேட்கும்படி பேசுவார். வீட்டு வாசற்படி ஏறியதும் அந்தப் பேச்சு செருப்போடு வெளியே நின்றுவிடும்.

அந்த வீட்டு மருமகள் பூஜிதாவின் கதை இது. வயது முப்பத்தொன்று. ஈரோட்டுப் பெண். கணவன் சசிதர் அவிநாசி ரோட்டில் லாரி மோதிச் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. பிறந்த வீட்டில் இருப்பது ஒரே அண்ணன். "அங்கேயே இருந்துக்க கண்ணு, அதுதான் உனக்கு மரியாதை" என்று போனில் சொல்லிவிட்டு அவன் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான். மோட்டார் பம்ப் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள், மாமியார் ரங்கம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டதும் வேலையை விட்டாள். கழுவுவதும் துடைப்பதும் அவள்தான். அந்தக் கைகளுக்குத் தடையில்லை. ஆனால் மாமனார் பைக்கை எடுக்கும்போது அவள் எதிரே வரக்கூடாது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்க வேண்டும். வளைகாப்புக்குக் கூப்பிட வருகிறவர்கள் அவளைப் பார்த்ததும் குங்குமச் சிமிழைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொள்வார்கள். யாரும் அவளைத் திட்டுவதில்லை. எல்லாம் "ங்க" போட்டு மரியாதையாகவே நடக்கும்.

உழுது விதைத்த காடு முழுவதும் மனையிடமாக விற்றுப்போக, வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட் மட்டும் மிச்சம் இருந்தது. ரங்கம்மாளின் தோட்டம். அவளுக்குக் கைராசி என்று ஊரில் பேர். நாற்று நடக் கூப்பிட்டு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுப்பார்கள். இந்த ஆனியில் எலும்பு உடைந்து படுத்ததும், ஆடிக்கு விதை போட ஆளில்லையே என்று புலம்ப ஆரம்பித்தாள்.

"நான் போடட்டுங்களா அத்தை?" என்று ஒருநாள் பூஜிதா கேட்டாள்.

ரங்கம்மாள் பதறிப்போனாள். "வேண்டாம் அம்மணி. மொதல் வெதை நீ போட வேண்டாம். பக்கத்து ஊட்டு ஷ்ரவ்யாவ வரச் சொல்லு. அவ போட்டதுக்கப்புறம் தண்ணி ஊத்துறது, களை எடுக்கிறது எல்லாம் நீயே பாத்துக்க."

உழைப்பு விதவையினுடையது, தொடக்கம் சுமங்கலியுடையது. எவ்வளவு வசதியான ஏற்பாடு பாருங்கள்.

ஷ்ரவ்யா வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் கம்பெனி வேலை பார்ப்பவள். அவள் வீட்டுப் பீர்க்கன் பந்தலைப் பார்த்துக்கொள்வது அங்கிருக்கும் பெரியவர்கள். ஆடி முதல் வெள்ளியன்று மஞ்சள் தடவிய விதைகளை ரங்கம்மாளிடம் தட்டில் வாங்கிக்கொண்டு பின்பக்கம் வந்தாள். காதில் போன். மீட்டிங்.

"ஐயோ அக்கா, எங்க மேனேஜர் உசுர வாங்குறான். இதெல்லாம் எனக்கு எங்க தெரியும்? ரோஜாச் செடியவே கொன்னவ நான். நீங்களே போட்டுடுங்க. அத்தை கேட்டா நான் போட்டேன்னு சொல்லிக்கலாம்" என்று தட்டை பூஜிதாவிடம் நீட்டிவிட்டு வேலி இடுக்கில் நுழைந்து போய்விட்டாள்.

பூஜிதா சுற்றிலும் பார்த்தாள். கொய்யா மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் அரங்கசாமி பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். பேப்பருக்கு மேலே அவர் கண்கள் தெரிந்தன. அவள் பார்த்ததும் பேப்பர் கொஞ்சம் உயர்ந்தது.

அவள் குனிந்து விதையைப் போட்டாள். பந்தலுக்குப் பீர்க்கனும் புடலையும், பாத்தியில் வெண்டை, தக்காளி, கத்திரி, வேலியோரம் அவரை. விரலால் குழி எடுத்து, போட்டு, மூடி, தட்டிவிட்டாள். அந்த மண் அவளிடம் துக்கம் விசாரிக்கவில்லை. சசிதர் செத்த நாளிலிருந்து அவளைப் பார்த்து 'த்சொ' கொட்டாத ஒரே இடம் அந்தப் பத்து சென்ட்தான். ரங்கம்மாள் எழுந்து நடந்த பிறகும் இந்த இடம் தன்னிடமே இருக்க வேண்டும் என்று அன்றைக்கு அவள் ஆசைப்பட்டாள். பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் அவளிடம் வேறு ஆசையும் இல்லை.

எல்லாம் முளைத்தன. ஆவணியில் கொடிகள் பந்தலை மூடிவிட்டன. தக்காளி இலை சுருண்டு உதவாமல் போயிற்று. வெண்டைக்கு நரம்பு மஞ்சளிக்கும் நோய் வந்து, பாதிக்கு மேல் பிடுங்கி எரித்தாள். ஆனால் கத்திரி கிளை ஒடிய ஒடியக் காய்த்தது. கோணிக்கொண்ட புடலங்காய்களுக்கு நுனியில் கல் கட்டிவிட்டு, அவை நேராக இறங்குவதைக் காலையும் மாலையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பீர்க்கனைப் பறிக்கப் பறிக்கத் தீரவில்லை. உறவுக்காரர் வீடுகளுக்கெல்லாம் பை பையாகப் போயிற்று.

படுக்கையில் சாய்ந்தபடி ஒரு பீர்க்கங்காயை மடியில் வைத்துத் தடவினாள் ரங்கம்மாள். "பாத்தீங்களா? ஷ்ரவ்யா கையி தங்கக் கையிங்க. எனக்கப்புறம் இந்த ஊருக்கு அவதான்" என்று கணவரிடம் சொன்னாள்.

"ம்" என்றார் அரங்கசாமி.

வாசலில் நின்ற பூஜிதா தண்ணீர்ச் செம்பைக் கட்டிலருகே வைத்துவிட்டுத் திரும்பினாள். பேர் யாருக்குப் போனால் என்ன, தோட்டம் இருந்தால் போதும் என்று நினைத்தாள். அப்படி நினைக்கவைத்துத்தான் பெண்களிடமிருந்து எல்லாமே பிடுங்கப்படுகிறது. ஷ்ரவ்யாவுக்கு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தார்கள். அவள் நெளிந்துகொண்டே வாங்கிக்கொண்டு, வேலியோரம் வந்து, "சாரிக்கா, வேண்டாம்னா அத்தை கோவிச்சுக்குவாங்க" என்றாள்.

புரட்டாசி பிறந்தது. அந்த வாரமே பீர்க்கன் பிஞ்சுகள் விரல் அளவில் மஞ்சளித்து உதிர ஆரம்பித்தன. புடலையும் வளைந்து அழுகியது. விழுந்த பிஞ்சு ஒன்றைப் பூஜிதா பிளந்து பார்த்தாள்; உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. போனில் தேடினாள். பழ ஈ. பிஞ்சின் தோலைக் குத்தி உள்ளே முட்டை வைக்கும் ஈ. அதற்கு மருந்தும் சொல்லியிருந்தார்கள்: பிளாஸ்டிக் பாட்டிலில் ஓட்டை போட்டு, ஊறவைத்த கருவாட்டை உள்ளே வைத்துப் பந்தலில் கட்டித் தொங்கவிட்டால், ஈ வாடைக்கு உள்ளே போகும், வெளியே வராது. செலவில்லை, விஷமில்லை.

ஒரு சிக்கல். அது பெருமாள் கும்பிடும் வீடு. புரட்டாசி முழுக்க முட்டை ஓடுகூட வாசல் தாண்டாது. கருவாட்டை அந்த மாதத்தில் வீட்டுக்குள் கொண்டுவருவது கொலைக்கு அடுத்த குற்றம். புரட்டாசி முடிகிறவரை ஈ காத்திருக்காது.

மாமியாருக்கு மாத்திரை வாங்க டவுனுக்குப் போன அன்று உக்கடம் வரைக்கும் போனாள். கருவாட்டுக் கடையில் நாகூர் மீரான் பாய் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

"மத்திக் கருவாடு கொஞ்சம் குடுங்க பாய்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "புரட்டாசியில கருவாடா? உங்க சாமி ஊர்ல இல்லீங்களா அம்மா?"

"சாமிக்கு இல்லைங்க. ஈக்கு."

"ஈக்கா! குடுத்து வெச்ச ஈயி. நான் இங்க சும்மா விரட்டிட்டிருக்கேன், நீங்க விருந்து வெக்கிறீங்க."

எத்தனையோ மாதம் கழித்து அன்றைக்குத்தான் பூஜிதா வாய்விட்டுச் சிரித்தாள். கருவாட்டை மூன்று உறையில் சுற்றி, மாத்திரைப் பைக்கு அடியில் வைத்து, பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து கொண்டுவந்தாள். பந்தலின் கடைசி மூலையில், வீட்டிலிருந்து தெரியாத இடத்தில், பாட்டிலைக் கட்டினாள். ரெண்டு நாளில் பாட்டிலுக்குள் கறுப்பாக ஈக்கள் குவிந்தன. அடுத்த வாரம் புதுப் பிஞ்சுகள் பச்சையாகவே நின்றன. தொட்டுப் பார்த்தாள், கெட்டியாக இருந்தன. ஜெயித்துவிட்டாள்.

சனிக்கிழமை காற்று திரும்பியது.

ரங்கம்மாள் அப்போதுதான் வாக்கர் ஊன்றி நடக்கப் பழகியிருந்தாள். பெருமாளுக்குச் சமைத்துப் படைக்கும் தளிகை நாள். நெற்றியில் நாமம், வாயில் கோவிந்தா. பின்கட்டுக்கு வந்தவள் நின்று காற்றை முகர்ந்தாள். பிறகு வாக்கரைத் தூக்கித் தூக்கி வைத்துப் பந்தலுக்குள் போனாள். பாட்டிலைப் பார்த்தாள்.

"பெருமாளே! ஏண்டி, புரட்டாசி சனிக்கெழமை அதுவுமா என்ன செஞ்சுபோட்டே?"

பூஜிதா ஓடிவந்தாள். "ஈ புடிக்கிறதுக்குங்க அத்தை. பிஞ்செல்லாம் ஈ குத்தி உழுந்துட்டிருந்துச்சு. இப்பப் பாருங்க, நின்னுபோச்சு."

"பிஞ்சு உழுந்துச்சா? ஷ்ரவ்யா போட்ட கொடி எப்பிடி உழுகும்? நீ என்ன செஞ்சே அதுல?"

ஷ்ரவ்யா போட்ட கொடி. அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு அவளுக்குப் புளித்துப்போயிருந்தது. மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்தது வந்துவிட்டது. "போட்டதே நானுங்க அத்தை. அத்தனை காயும் என் கையில காய்ச்சதுங்க. நீங்க மடியில வெச்சுக் கொஞ்சினீங்களே, அதுவும்."

ரங்கம்மாளின் முகம் வெளுத்தது. பயம். மகனைச் சாகக் கொடுத்தவளின் பயம்; அந்தச் சாவுக்கு ஒரு காரணம் கையில் கிடைத்துவிட்டால் பிடித்துக்கொள்வாள். "அதான் உழுகுது" என்றாள். "எனக்கு அப்பவே தோணுச்சு. தாலி அறுத்த கையி பட்டா பிஞ்சு நிக்குமா?"

"அப்ப ஆவணியில எப்பிடிங்க காச்சுது?"

"அது இந்த மண்ணோட ராசி."

காய்த்தால் மண், உதிர்ந்தால் விதவை. எந்தக் கோர்ட்டிலும் இப்படி ஒரு தீர்ப்பு எழுத முடியாது.

"ஷ்ரவ்யா ஊட்டுப் பந்தல்லயும் உழுந்து கெடக்குதுங்க அத்தை, எட்டிப் பாருங்க."

"அங்க ஈயி. இங்க நீ."

வேலிக்கு அந்தப் பக்கம் ஷ்ரவ்யா நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்தது. போன் அடித்தது போலப் பாவனை செய்து உள்ளே போய்விட்டாள்.

பூஜிதா மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். கொய்யா மரத்தடியில்தான் இருந்தார். "மாமா, நீங்க பாத்தீங்களே. அன்னைக்கு நான் போட்டப்ப இங்கதானுங்க இருந்தீங்க. தெரிஞ்சேதானே அந்தக் காயச் சாப்பிட்டீங்க? நமக்கு என்னங்க ஆச்சு? சொல்லுங்க."

ரங்கம்மாளும் திரும்பினாள். "ஏனுங்க, உங்களுக்குத் தெரியுமா?"

ஒரே ஒரு வார்த்தை போதும். 'தெரியும்' என்று அவர் சொல்லியிருந்தால், தெரிந்தே தின்ற குடும்பத் தலைவர் உயிரோடு உட்கார்ந்திருப்பதே அந்த அம்மாளுக்குப் போதுமான சாட்சி. அரங்கசாமி பேப்பரை நாலாக மடித்தார். மனைவியைப் பார்த்தார். சனிக்கிழமை, விருந்தாளிகள் வரும் நேரம், வீட்டில் சண்டை.

"எனக்கென்ன தெரியும்? நான் பேப்பர் படிச்சிட்டிருந்திருப்பேன்" என்றார்.

ரங்கம்மாளுக்குத் தாய்மொழி தெலுங்கு; கோபம் வந்தால் அதுதான் வாயில் வரும். வந்தது. அதை இங்கே எழுத வேண்டாம். எந்த மொழியிலும் அது ஒன்றுதான். கொடியை வேரோடு அறுத்து எறியச் சொன்னாள். அறுத்தது அரங்கசாமி. அரிவாளை அவரே கொண்டுவந்து, பந்தல் கயிறுகளை வெட்டி, பூவும் பிஞ்சுமாக இழுத்துப்போட்டார். கெட்டியாக நின்றிருந்த அந்தப் புதுப் பிஞ்சுகளும் போயின. ஈ நிறைந்த பாட்டிலைக் குச்சியால் தூக்கி மதிலுக்கு வெளியே வீசினார். பிறகு கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, நாமம் போட்டு, இலை முன்னால் உட்கார்ந்தார். பரிமாறியது வேறு யாரோ.

பின்கட்டுக் கதவுக்குப் பூட்டு வந்தது. இப்போது கறிவேப்பிலை ஒரு ஈர்க்கு வேண்டுமென்றாலும் ரங்கம்மாள் வாக்கரைத் தள்ளிக்கொண்டு தானே போகிறாள். வலியில் முனகிக்கொண்டே போகிறாள். ஐப்பசி மழையில் பாத்தியெல்லாம் கோரை மண்டிவிட்டது. ஷ்ரவ்யா வீட்டில் மருந்தடித்துப் பார்த்தார்கள், அங்கேயும் பீர்க்கன் தேறவில்லை. அவள் கையைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசவும் கூடாது, அவள் கையிலும் ராசி என்று ஒன்றும் இல்லை.

பூஜிதா காலையில் எழுகிறாள், மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள், கால் பிடித்துவிடுகிறாள். மாமனார் பைக் சாவியை எடுக்கும் சத்தம் கேட்டால் கதவுக்குப் பின்னால் போகிறாள். அண்ணனுக்குப் போன் செய்வதை நிறுத்திவிட்டாள். விதை போடட்டுமா என்று இனி அவள் யாரிடமும் கேட்கமாட்டாள்.

ரங்கம்மாளை மாற்ற நாளாகும். அவளிடம் நான் இப்போது பேசவில்லை. டீக்கடையில் சிரிக்கிற, வீட்டில் பேப்பரை உயர்த்திப் பிடிக்கிற ஆளிடம் பேசுகிறேன். அது நீங்களாக இருந்தால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு எழுந்திருங்கள். உங்கள் வீட்டில் யாரைப் பற்றிய பொய்க்கு நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தீர்களோ, அவளுக்கு முன்னால் போய் நின்று, வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி, "நான் பார்த்தேன்" என்று சொல்லுங்கள்.