டீமுக்கே பத்தாத மட்டை

மே 31, சனிக்கிழமை. காலையில் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன், செடிகளுக்கு ஊற்றினேன். மாலையில் அப்பாவுக்குப் பிரிவுபசார விழா. மில் ஹாக்கி அணியின் பயிற்சியாளர், எழுபது வயதில் ஓய்வு பெறுகிறார்.

"எங்களுக்கு அப்பா மாதிரிங்க" என்றே வீரர்கள் எல்லோரும் மேடையில் சொன்னார்கள். என்னையும் பேச அழைத்தார்கள். மறுத்துவிட்டேன்.

அப்பாவுக்குப் பரிசாகக் கொடுத்த மட்டையில் லின்சீட் ஆயில் மணத்தது. சிறுவயதில் எங்கள் வீட்டுக் கூடமெல்லாம் அந்த மணம்தான். அப்பா அணியின் மட்டைகளுக்கு எண்ணெய் தேய்ப்பார். நான் துணியோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

"எனக்கொண்ணு குடுங்கப்பா."

"டீமுக்கே பத்தல கண்ணு. நீ யாருகூட ஆடப் போறே?"

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பரிசு மட்டையை என்னிடம் நீட்டினார். "இந்தா அம்மணி, உனக்கு." எனக்கு நாற்பத்தைந்து வயது.

மறுநாள் காலை முதல் வேலையாக, அதை அவருடைய ஷூவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, நானும் ஷூ போட்டுக்கொண்டு, அவர் எழுந்து வரக் காத்திருந்தேன்.