உப்பு நீரில் பேசாத மின்வாய்

குடிக்கக் கூடாத கிணற்று நீரைக் குடிக்கலாம் என்று சொன்னேன். அன்று அது அறியாப் பிழை. தெரிந்த பிறகும் வாய் திறக்காமல் இருந்ததுதான் நான் செய்த குற்றம்.

சுனாமிக்குப் பின் எங்கள் ஆய்வுகூடத்தில் கிணற்று நீரில் ஈயம் பார்ப்பது என் வேலை. டோர்ச் பற்றறியின் கரிக்கோலை எடுத்து, நுனியை அரத்தாளில் தேய்த்து, கரைத்து வடித்த களிமண்ணை மெல்லிதாகப் பூசி உலர்த்துவேன். அதுதான் மின்வாய். நீரிலுள்ள ஈயத்தைக் களிமண் பிடித்துக்கொள்ளும். மின்னழுத்தம் கொடுத்தால், ஈயம் உள்ள நீருக்கு வரைபில் ஒரு முனை எழும்; இல்லாவிட்டால் வரைபு தட்டையாக இருக்கும்.

களுதாவளையில் தங்கமலரின் கணவன் மீனவன். பழைய வாகனப் பற்றறிகளை உருக்கி வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பவன். அந்தக் கழிவையெல்லாம் கடல் அவர்கள் கிணற்றுக்குள் தள்ளியிருந்தது. இறைத்துத் துப்புரவாக்கியும் தங்கமலருக்குப் பயம் போகவில்லை. அவள் பிள்ளைத்தாய்ச்சி.

“உப்புக் கரிக்குது சேர். அத விடுங்க, வயித்துப்பிள்ளைக்கு ஒண்டும் செய்யாதே?”

நீரை எடுத்துச் சென்று பார்த்தேன். வரைபு தட்டையாக வந்தது. திரும்பிப் போய், “ஒண்டுமில்ல, குடிங்க” என்றேன்.

பிறகொரு நாள், புதிய மின்வாய் ஒன்றைச் சோதிக்க, மிஞ்சியிருந்த அதே நீரில் கொஞ்சம் எடுத்து ஈயக் கரைசல் விட்டேன். ஈயம் இருந்தும் முனை எழவில்லை. உப்பிலுள்ள சோடியம் களிமண்ணை நிறைத்துக்கொண்டு ஈயத்துக்கு இடம் விடவில்லை. நான் உப்பில்லாத நீரில் மட்டுமே சரிபார்த்திருந்தேன்.

அந்நேரம் பொறுப்பாளர் எட்டிப் பார்த்தார். “நாளைக்கு உதவி தந்த வெளிநாட்டாக்கள் வாறாங்க. உம்மட களிமண் குச்சியத்தான் காட்டப்போறன், மானத்த வாங்கிப்போடாதையும். எல்லாம் சரிதானே?”

“ஓம் சேர்.”

அதன்பின் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் தங்கமலர் நினைவுக்கு வந்தாள். அவள் குடத்தைத் தூக்குவதாகவே தோன்றும். ஆனாலும் வாரங்கள் போயின. கடைசியில், ஈயம் விடாமல் மிச்சமிருந்த அந்தக் கிணற்று நீரை, உப்பு குறையும்படி வடிநீர் கலந்து ஐதாக்கிப் பார்த்தேன். முனை எழுந்தது. பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு, அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே சைக்கிளை எடுத்தேன்.

தங்கமலரின் மடியில் பிள்ளை இருந்தது. நடந்ததைச் சொன்னேன்.

“தெரிஞ்சும் சொல்லாம இருந்தீங்களா?” என்றாள். குடத்தை முற்றத்தில் கவிழ்த்தாள்.

பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இரத்தத்தில் ஈயம் இருந்தது. அவனுக்குப் பேச்சு பிந்தித்தான் வந்தது. அதற்கு ஈயம்தான் காரணமா என்று எந்த வைத்தியரும் உறுதியாகச் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது.

நாலைந்து வருடம் கழித்து, போர் முடிந்தபின் அவர்கள் வேறு வளவில் கிணறு வெட்டினார்கள். சோதிக்கக் கருவியோடு நானே போனேன். மகனைக் கையில் பிடித்தபடி தங்கமலர் பக்கத்தில் வந்து நின்றாள். வரைபு தட்டையாக வந்தது. நான் வாயெடுக்கும் முன்பே அவள் கிண்ணத்து நீரைக் காட்டினாள்.

“முதல்ல இதுக்குள்ள உங்கட ஈயத்த விட்டுக் காட்டுங்க சேர். மறுகா சொல்லுங்க.”

விட்டேன். முனை எழும்வரை மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். இன்றும் இந்த வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது அவள் சொன்னதைத்தான்.