வியன்னாவில் பிடித்த கை

என் கணவரின் அக்கா மொன்றியலுக்குப் பக்கத்திலுள்ள லவாலில் இருக்கிறார். எனக்கு மச்சாள். அவரோடு சேர்ந்து வியன்னாவுக்குப் போகலாமா என்று கணவர் கேட்டபோது நான் உடனே தலையாட்டியது அந்த ஊரைப் பார்க்கும் ஆசையில் அல்ல. பழைய கணக்கொன்று தீர்க்க இருந்தது. எங்கேயாவது ஒருநாள் மச்சாள் என் கையில் அகப்படாமலா போவார்?

சில வருடங்களுக்கு முன் அவருடைய மகளின் வீணை அரங்கேற்றம் நடந்தது. நாங்கள் இருக்கும் கோட்-டெ-நெய்ஜிலிருந்து நேரத்தோடு போய் முன்வரிசையில் இருந்தோம். சின்ன வயதில் பாட்டுப் படித்தவள் நான். இசை தொடங்கினால் கை தானாகத் தொடையில் தாளம் போடும். அன்றும் போட்டது. நடுவில் மச்சாள் பட்டுச்சேலை சரசரக்க வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இதென்ன பசனை மடமே? வெள்ளைக்காரர் இருக்கினம். கையைச் சும்மா வைச்சிரும்."

அவருடைய வேலைத்தல மேலாளரும் மனைவியும் தான் அந்த வெள்ளைக்காரர். முன்வரிசை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. எழும்பிப் போகவும் முடியாமல், இருக்கவும் முடியாமல் இருந்தேன்.

அதோடு விட்டாரா? "அவ தாளத்தைப் பிழையாப் போட்டுப் பிள்ளையைக் குழப்பிப் போட்டா" என்று போன இடமெல்லாம் கதை. ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த என்னிடம், முன்பின் தெரியாத ஒருத்தி, "நீங்கள் தானே அந்தத் தாளக்கார அக்கா?" என்று கேட்டுச் சிரித்தாள். உண்மையிலேயே நான் தான் பிசகினேனோ என்று எனக்கே சந்தேகம் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து எந்தக் கச்சேரியிலும் கையைக் கட்டிக்கொண்டே இருந்தேன். பாட்டுக் கேட்பது போய், கையைக் காவல் காப்பதே வேலையாயிற்று. இதை மன்னிக்க நான் என்ன தெய்வமா?

வியன்னாவில் அரண்மனை பார்த்தோம், தேவாலயம் பார்த்தோம். குதிரை வண்டிகளைக் கண்டதும் மச்சாள், "உது பழைய மொன்றியலிலையும் கிடக்குதுதானே" என்றார். ஞாயிறு முற்பகல் இசைக் கச்சேரிக்கு அவர் தான் டிக்கெட் எடுத்திருந்தார். வாசலிலேயே எனக்குப் பாடம் தொடங்கியது.

"இருமக் கூடாது. இடையிலை கை தட்டக் கூடாது. உமக்குத்தான் சொல்லுறன்."

"ஓம் மச்சாள்" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு தான்.

மண்டபம் முழுக்கப் பொன் பூச்சு. அத்தனை பேர் இருந்தும் மூச்சுச் சத்தம் கூட இல்லை. எனக்கு ஒரு பக்கம் கணவர், மறுபக்கம் மச்சாள். இரண்டாவதாக வாசித்தது மூன்று மூன்றாக எண்ணக்கூடிய ஒரு பகுதி. வயலின்கள் எழும்பி எழும்பி விழுந்தன. ரூபக தாளத்துக்கு அவ்வளவு வாகாக இருந்தது. என் கை துடித்தது. இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்போது தான் பக்கத்தில் அசைவு தெரிந்தது. மச்சாளின் கை. கண்ணை மூடி, தலையை மெல்ல ஆட்டி, தொடையில் தட்டித் தட்டி வீசிக்கொண்டிருந்தார். மோதிரம் கைப்பையின் கொளுவியில் பட்டு டிக், டிக் என்றது. முன்னால் இருந்த கிழவர் திரும்பிப் பார்த்தார்.

எனக்குள் குளுகுளுவென்று ஒரு சந்தோசம். அவசரப்படவில்லை. இன்னும் இரண்டு பேர் திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். அவர் என்னைப் பிடித்த அதே இடத்தில்.

"வெள்ளைக்காரர் இருக்கினம் மச்சாள்" என்று காதுக்குள் சொன்னேன்.

முகம் கறுத்துப் போய்விட்டது. இடைவேளை வரைக்கும் அந்தக் கை மடியில் செத்துக் கிடந்தது.

இடைவேளையில் கணவர் கோப்பி வாங்கப் போனார். தூணோரமாக நாங்கள் இரண்டு பேரும் தனியே நின்றோம்.

"நான் பிழையாப் போட்டனானோ?" என்று கேட்டார்.

"சரியாத்தான் போட்டனீங்கள். அண்டைக்கு நானும் சரியாத்தான் போட்டனான்."

துணிந்து விட்ட ரீல் தான். எனக்கு அவ்வளவு நிச்சயம் இருக்கவில்லை. ஆனால் அவர் தலையைக் குனிந்தார்.

"ஓம். நீர் சரி. பிள்ளைதான் முந்தி ஓடிட்டாள். உம்மட கை ஒரு பக்கம், அவளின்ரை விரல் ஒரு பக்கம். சனம் உம்மட கையைப் பாத்தால் அவள் பிசகினது தெரிஞ்சிடுமெல்லே? அதுதான் பிடிச்சனான்."

"அதுக்குப் பிறகும் ஏன் ஊரெல்லாம் என்ரை பேரை இழுத்தனீங்கள்?"

"பிழை ஆரிலையாவது விழத்தானே வேணும்."

எவ்வளவு இலேசாகச் சொன்னார்! இத்தனை வருடம் என் கையையே நான் நம்பாமல் இருந்திருக்கிறேன். அந்த இடத்திலேயே அவருடைய கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போல இருந்தது. வைக்கவில்லை. அதைவிட நல்லதொன்று தோன்றியது. அந்த மகள் இப்போது லவாலில் பிள்ளைகளுக்கு வீணை சொல்லிக்கொடுக்கிறாள்.

"அவளிட்டைப் படிக்கிற பிள்ளையளின்ரை கச்சேரி வருகுதுதானே? முன்வரிசையிலை இருந்து உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லாட்டி, ரீச்சர் தன்ரை அரங்கேற்றத்திலை பிசகின கதையை நான் சொல்லுவன்."

"விசரே உமக்கு?"

"ஓம், பைத்தியம்தான்" என்றேன். கணவர் கோப்பியோடு வந்தார். இரண்டாம் பாதியை நான் நன்றாக அனுபவித்துக் கேட்டேன்.

அந்தக் கோடையில் லவாலில் கச்சேரி. முன்வரிசையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் மச்சாள். முதல் பிள்ளை மீட்டத் தொடங்கியதும், பல வருடங்களுக்குப் பிறகு என் கை அவிழ்ந்தது. சத்தம் கேட்கவே தட்டினேன். உருப்படி முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் மச்சாளைப் பார்த்தேன். அவர் சுற்றியிருந்த பெண்கள் பக்கம் திரும்பினார்.

"அரங்கேற்றத்திலை இவ தாளம் சரியாத்தான் போட்டவ. நான்தான் பிழையா விளங்கிக் கதைச்சுப் போட்டன்."

அதிலும் மகளைக் காப்பாற்றிவிட்டார். கெட்டிக்காரி. அது போகட்டும் என்று விட்டேன். குரலைத் தாழ்த்திச் சொன்னதைத்தான் விட மனம் வரவில்லை.

"மச்சாள், பின்னுக்கு இருக்கிறவைக்குக் கேக்கேல்லை. எழும்பி நிண்டு இன்னொருக்காச் சொல்லுங்கோ."

எழும்பினார். சொன்னார்.