உட்கார்ந்த இடத்திலிருந்து நாலு மாடி

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை முழுவதற்கும், நாற்காலியை விட்டு எழாமல் புரோகிராம் போட முதலில் துணிந்தவன் நான்தான். எனக்கு முன்னால் யாரும் செய்ததாகக் கேள்விப்படவில்லை. படித்தவர்கள் செய்திருந்தால் சொல்லாமல் இருந்திருப்பார்களா? எட்டாவதைத் தாண்டாதவன் செய்தேன் என்றால் சிலருக்கு முகம் சுருங்கும். சுருங்கட்டும். எனக்கு இப்போது சண்டை போடத் தெம்பில்லை.

ஆரம்பத்தில் சிந்தாதிரிப்பேட்டையில் டைப்ரைட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தொழில் படுத்துவிடும் என்று நான் சொன்னபோது கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்து, வீட்டில் பிரித்துப் போட்டு, திரும்பப் பூட்டினேன். இங்கிலீஷ் புத்தகம் படிக்க வராது. திரையில் என்ன வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். தொண்ணூறுகளின் கடைசியில் அடையாறிலிருந்து மயிலாப்பூர் வரை எனக்கு வாடிக்கை இருந்தது. அதில் பெரியது அந்த ஜவுளிக்கடை. அந்தக் கடையைப் பார்க்கிறவர் என்று சொல்லித்தான் மற்றவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். கடையில் எனக்கு மேஸ்திரி என்றே பெயர்.

கடைக்குத் தரைத்தளத்துக்கு மேல் நாலு மாடி. ஒவ்வொன்றிலும் பில் போடும் மேஜைகள், மேஜைக்கு ஒரு கம்ப்யூட்டர். வரி மாறினாலும் தள்ளுபடி மாறினாலும் பில் போடும் புரோகிராமையும் மாற்ற வேண்டும். அதற்கு நான் ஃப்ளாப்பிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாகப் போவேன். ஒரு ஃப்ளாப்பியைச் செருகி, அது கரகரவென்று ஓடி முடிகிற வரை நின்று, எடுத்து, அடுத்ததைச் செருகி, அப்படியே பெட்டி தீரும் வரை. பிறகு அடுத்த மேஜை. லிஃப்ட் வாடிக்கையாளருக்கு மட்டும்தான். முதலாளியின் தம்பியே படியில்தான் ஏறுவார்.

ஐம்பது தாண்டியதும் என் முழங்கால் இரண்டும் போய்விட்டன. தேய்மானம், படி ஏறாதீர்கள் என்றார் டாக்டர். கோட்டூர்புரத்தில் என் வீடு கீழ்த்தளம், அதனால் வீட்டில் தப்பித்தேன். கடையில் எப்படித் தப்பிப்பது? கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக நான் ஏறுவதை யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். முதலாளி ஒரு நாள் கூப்பிட்டார்.

"மேஸ்திரி, மவுண்ட் ரோட்டுலேர்ந்து டை கட்டின பசங்க வந்து இந்த வேலையைக் கேக்கறாங்க. உங்களுக்கு ஏற முடியலன்னா சொல்லிடுங்க. நான் ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டேன்."

தப்பாக நினைக்க மாட்டார். ஆளை மாற்றிவிடுவார். அங்கே இல்லை என்றால் மயிலாப்பூரிலும் இல்லை, அடையாறிலும் இல்லை.

"நான் ஏன் ஏறணும் முதலாளி? கீழ ஒக்காந்தபடியே நாலு மாடிக்கும் போடறேன், பாருங்க" என்றேன்.

சும்மா சொல்லவில்லை. அதற்கென்று ஒரு புரோகிராம் வந்திருப்பது எனக்குத் தெரியும். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறையில் சர்வர் என்கிற பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. எல்லா மேஜையிலிருந்தும் கேபிள் அங்கேதான் வந்து சேரும். புதுசாகப் போட வேண்டியதை சர்வரில் வைத்து, எந்தெந்த மேஜைக்கு என்று குறித்துவிட்டால் போதும். காலையில் மேஜைக் கம்ப்யூட்டரைப் போட்டதும், எனக்கு ஏதாவது இருக்கிறதா என்று அது சர்வரைக் கேட்கும். இருந்தால் இழுத்துக்கொண்டு, பழையதை அழித்து, புதுசைத் தானே பதித்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி தெருவில் அந்த சி.டி.யை வாங்கி, ஒரு மாதம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை. இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

ஆடித் தள்ளுபடி வந்தது. ஆடி முதல் தேதியிலிருந்து தள்ளுபடியை பில்லே கழித்துக் காட்ட வேண்டும். புதுப் புரோகிராமை சர்வரில் ஏற்றி, கீழ்த்தளத்தில் ஒரு மேஜைக்கு மட்டும் அனுப்பிப் பார்த்தேன். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பதிந்துவிட்டது. மற்ற எல்லா மேஜைக்கும் குறித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்று முழங்காலுக்குத் தைலம்கூடத் தேய்க்கவில்லை.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். காலையில் விளக்கேற்றி, சாம்பிராணி எல்லா மாடியும் சுற்றி வந்த பிறகுதான் எந்த மெஷினையும் போடலாம். அதற்கு முன்னால் ஸ்விட்சில் கை வைக்கக் கூடாது. சாம்பிராணி வந்த கையோடு ஷட்டரைத் தூக்குவார்கள். முதல் பில்தான் போணி. ஒவ்வொரு மேஜைக்கும் தனித்தனிப் போணி. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுப்பார்கள். போணிக்கு வந்தவரிடம் இல்லை என்றோ, இருங்கள் என்றோ சொல்லக் கூடாது. சொன்னால் அன்றைய வியாபாரமே தேங்கிவிடும் என்பது முதலாளியின் நம்பிக்கை. முதலாளியின் நம்பிக்கை என்றால் எல்லோருடைய நம்பிக்கையும்தான்.

ஆடி முதல் தேதி சாம்பிராணிப் புகை அடங்குவதற்குள் எல்லா மேஜையிலும் ஒரே நேரத்தில் ஸ்விட்சைப் போட்டார்கள். எல்லாம் சேர்ந்து ஒரே கேபிளில் ஒரே சர்வரை இழுத்தன. முந்தின நாள் ஒரு டீ நேரத்தில் முடிந்தது, இப்போது நகரவே இல்லை. திரையில் ப்ளீஸ் வெயிட் என்று நின்றது. ஷட்டரைத் தூக்கிவிட்டார்கள். ஆடிக் கூட்டம் படியில் ஏறிக்கொண்டிருந்தது.

நான் மாடிப்படிக்குக் கீழே சர்வர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எந்த மேஜைக்கு எவ்வளவு போயிருக்கிறது என்று திரையில் காட்டுகிற கோடுகள் மெதுவாக நீளுவதைப் பார்த்து, பரவாயில்லை, கொஞ்சம் பொறுத்தால் வந்துவிடும் என்று நினைத்தேன். ஒரு மேஜை பாதியில் அறுந்தது. பின்னாலேயே இன்னொன்று. மூன்றாம் மாடி மொத்தமும் போனது. ஏதோ கேபிள் பிடுங்கிக்கொண்டது என்றுதான் எழுந்தேன்.

கேபிள் இல்லை. மேலேயிருந்து டெலிபோன் வந்தது. மூன்றாம் மாடிப் பட்டுப் பிரிவில் பில் போடுகிற மயிலாப்பூர் மாமி.

"மேஸ்திரி, இது என்ன, கறுப்பா நிக்கறது?"

"நீங்க எதையாவது தொட்டீங்களா மாமி?"

"தொடாம? முகூர்த்தப் பொடவை, மொதல் போணி, அவா ரூபாயை நீட்டிண்டு நிக்கறா. இது வெயிட் பண்ணுங்கறது. போணிக்கு வந்தவாகிட்ட நான் வாயைத் தெறந்து இருங்கோன்னு சொல்லுவேனா? அணைச்சுட்டுத் திரும்பப் போட்டேன்."

"ஆடியில யார் மாமி முகூர்த்தப் பொடவை எடுக்கறாங்க?"

"தள்ளுபடில எடுத்து ஆவணிக்கு வெச்சுப்பா. அதுவா இப்போ பேச்சு? மெஷினுக்கு என்ன பண்றேள்?"

அவர் மட்டும் இல்லை. ஒருவர்கூட வாடிக்கையாளரை நிற்கச் சொல்லவில்லை, எல்லோரும் அணைத்துவிட்டார்கள். பழைய புரோகிராம் அழிந்திருந்தது, புதுசு பாதிதான் வந்திருந்தது. முந்தின நாளே பதிந்த அந்த ஒரு மேஜையைத் தவிர எதுவும் எழுந்திருக்கவில்லை. கையால் எழுதுகிற பில் புத்தகங்களைத் தேடி எடுத்தார்கள். தள்ளுபடியைக் கழிக்கத் தெரியாமல் ஆளுக்கு ஒரு தொகை எழுதினார்கள். முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்து என் அறை வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் கடை முழுக்கச் சத்தம்.

புதுப் புரோகிராம் இருந்த ஃப்ளாப்பிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். லிஃப்டுக்கு நின்ற வரிசை வாசல் வரைக்கும் இருந்தது. லிஃப்ட் ஓட்டுகிறவன் என்னைப் பார்த்தான்.

"நைனா, நீ வேணா வா. ஆனா முதலாளி பார்த்துக்கினுகீறாரு. எனக்கு இன்னா, உன் இஷ்டம்."

முதலாளி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நான் படிக்குத் திரும்பினேன். கைப்பிடியையும் பிடிக்கவில்லை. சத்தியமாகப் பிடிக்கவில்லை.

முதல் மாடியில் வலி தெரியவில்லை. இரண்டாம் மாடியில் முழங்காலுக்குள் யாரோ மணலைப் போட்டு அரைக்கிற மாதிரி இருந்தது. மூன்றாம் மாடியில் மாமி தன் ஸ்டூலைத் தள்ளி, "செத்த உக்காருங்கோ, மூஞ்சியே சரியில்லை" என்றார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தெரியும். நின்றபடியே ஃப்ளாப்பியை மாற்றி மாற்றிப் போட்டேன். நாலாம் மாடியில் ஒரு குழந்தை என் பெட்டியைப் பொம்மை என்று நினைத்து விடாமல் இழுத்தது. அதனிடமிருந்து வாங்குவதற்குக்கூட வலு இல்லை, அதன் அம்மா வாங்கிக் கொடுத்தாள். ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை. யாரும் பார்க்காத திருப்பங்களில் நின்று நின்று இறங்கினேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் எல்லா மேஜையும் ஓடின. டை கட்டினவர்கள் வந்திருந்தால் ரெண்டு நாள் ஆகியிருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கும்தான்.

சாயங்காலம் முதலாளி கல்லாப் பக்கம் கூப்பிட்டு, தன் ஃபிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். அவர் யாருக்கும் ஊற்றிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

"அந்த வெள்ளைக்காரன் புரோகிராமை எடுத்துடுங்க மேஸ்திரி. போணி நேரத்துல மனுஷனை நிக்கச் சொல்ற சனியன் நம்ம கடைக்கு வேணாம்."

"கூட்டத்தைப் பிரிச்சு விட்டா சரியா வரும் முதலாளி. ஒரு நாளைக்கு ஒரு மாடின்னு அனுப்பினா நிக்காது."

"எதுக்கு? ஆளுதான் நீங்க இருக்கீங்களே. கால் போச்சு, கால் போச்சுன்னு எவனோ சொன்னான். இன்னிக்கு என் கண்ணால பார்த்தேன். குமரப்பையன் கெட்டான், அந்த மாதிரி ஏறுனீங்க. டை கட்டினவங்களை வர வேணாம்னு சொல்லிட்டேன்."

காபி நன்றாக இருந்தது. கால் உண்மையாகவே போய்விட்டது என்று அந்த நேரத்தில் அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் டை கட்டினவர்களுக்குத் திரும்ப டெலிபோன் போகும். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல முதலாளி, வதந்தி" என்றேன்.

அவர் பார்வையை விட்டு விலகும் வரை நிமிர்ந்து நடந்தேன்.

அடுத்த வாரம் பட்டுக்கு மட்டும் தள்ளுபடியைக் கூட்டினார்கள். பட்டு மூன்றாம் மாடி.